வெட்டியும் போகாத படம்

கொம்பியூட்டருக்குள் ஓடுகிற மென்பொருள்களைச் செய்தவர்களை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து ஒன்றே ஒன்று கேட்பேன். "நீங்க செஞ்சு வச்சிருக்கிறதை நீங்க ஒருநாளாவது பாவிச்சுப் பாத்திரிக்கிங்களா?"

மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கடை என்னுடையது. தட்டச்சு, போட்டோ கொப்பி, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். எனக்கு இந்த வேலையை யாரும் படிப்பிக்கவில்லை. பழைய மெஷின் ஒன்றை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக அழுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஒன்றோடு பழகப் பழக அதன் மேல் மதிப்புக் கூடும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சிவப்புக் கோட்டை எடுங்கள். தமிழில் எதை அடித்தாலும் கீழே நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுவிடும். அம்மா என்று அடித்தாலும் கோடு, முருகன் என்று அடித்தாலும் கோடு. நத்தார் நெருங்கினால் கிறிஸ்மஸ் பாட்டுத் தாள் அடிப்பதற்காக, போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி ஐயா என் கடைக்கு வருவார். தச்சு வேலை செய்கிறவர். எங்கள் பலரைவிட வடிவான மட்டக்களப்புத் தமிழ் பேசுவார். ஒருமுறை அவர் என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், பாட்டு முழுக்க ரத்தம் ஓடுது?"

"நாம எழுதினது எல்லாம் பிழையாம், ஐயா."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியா."

"தெரியாட்டி வாயைப் பொத்திட்டு இரிக்கவும் தெரியாதா?"



கணக்குப் போடுவதற்கென்று கட்டம் கட்டமாக இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அது இதைவிட மோசம். வெல்லாவெளியில் இருந்து ஒரு வெள்ளாமைக்காரர் தன் காணி விபரம் அடிக்க வந்திருந்தார். முக்கால் ஏக்கர் என்று சொன்னார். மூன்றின் கீழ் நான்கு என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் மார்ச் மாதம் நாலாம் திகதி நிற்கிறது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். திரும்பவும் மார்ச் நாலு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"போன போகத்துல ஆனை திண்டது புள்ள. இந்தப் போகத்துல இது திண்டிட்டுது."

ஒரு மனிதன் ஏக்கர் என்று எழுதிய வரிசையில் எதற்காகத் திகதியைச் சொல்லப்போகிறான் என்று யோசிக்கிற அளவுக்குக்கூட அந்த மென்பொருளைச் செய்தவருக்கு நேரம் இல்லை. போன் நம்பருக்கு முன்னால் வருகிற சைபரை விழுங்குவதும் இதுதான். கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமலே செய்துவிடும்.

கேட்கத் தேவையில்லாத இடத்தில் வந்து நின்றுகொண்டு கேட்கும். வேண்டாத குப்பையை அழிக்கப் போனால் ஆங்கிலத்தில் "நிச்சயமாகவா?" குப்பைத் தொட்டியை வெறுமையாக்கப் போனால் மறுபடியும் "நிச்சயமாகவா?" ஒன்றையும் தொடாமல், சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினாலும், "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்கிறது. பார்த்ததை எங்கே கொண்டுபோய்ச் சேமிப்பது? இந்தக் கேள்விகளைத் தாண்டித் தாண்டி, இப்போதெல்லாம் என் விரல் எதையும் வாசிப்பதில்லை. பெட்டி வந்து விழுந்தால் போதும், தானாகப் போய் "ஓம்" என்பதில் அழுத்திவிடும். மகளின் பள்ளிக்கூடப் பத்திரங்களைக் கொப்பி எடுக்க வந்த மீன்காரப் பெண் ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சந்தையில நானும் ஒவ்வொரு மீனுக்கும் நிச்சயமா நிச்சயமா எண்டு கேட்டனெண்டா, மீனும் நாறும், நானும் நாறுவன் அக்கா" என்றாள். மென்பொருள் செய்கிற கம்பனிகள் இவளை வேலைக்கு எடுத்திருந்தால் உலகம் கொஞ்சம் உருப்பட்டிருக்கும்.

இதையெல்லாம் பகிடி பண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஒன்றை மட்டும் அப்படி விட முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். முன்னுக்கு இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், அவருடைய வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி. என் கடையின் சோறு பாதி இதில்தான் வருகிறது. அப்படியொரு கல்வெட்டுக்காகத்தான் மண்டூரில் இருந்து ஓர் அக்கா வந்தார். வெள்ளாமை செய்த புருஷன் காய்ச்சலில் படுத்து எழும்பாமலே போய்விட்டார். ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள்.

அக்கா கைப்பையில் இருந்து ஒரு போனை எடுத்தார். அது புருஷனின் போன். அதில் ஒரு படத்தைக் காட்டினார். மண்டூர்க் கோயில் திருவிழாவில் எடுத்தது. வெள்ளை வேட்டியில் இரண்டு ஆண்கள் நின்று சிரிக்கிறார்கள். ஒருவருடைய கை மற்றவரின் தோளில் கிடக்கிறது.

"இந்தா, இதுதான் அவர். இவரை எடு புள்ள. பக்கத்தில நிக்கிறவனை வெட்டு."

"ஆரு அக்கா அது?"

"அவர்ட தம்பி."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கதை வந்தது. ஊர் வயல்வெளியான வட்டையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த வயல். தண்ணீர் பாயவிடுவதற்கு வரம்பில் வெட்டுகிற வாயை, வக்கடை என்போம், தம்பி இடம் மாற்றி வெட்டிவிட்டார் என்று தொடங்கிய வாய்த்தர்க்கம். ஏசினார்கள், பிறகு ஏச்சும் நின்றுபோனது. கோயிலில் கண்டாலும் ஒருவர் வடக்கே பார்ப்பார், மற்றவர் தெற்கே பார்ப்பார். செத்த வீட்டுக்குத் தம்பி வந்தாராம். வேலிக்கு வெளியே தெருவில் நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

"உள்ளுக்க வரல்லயா?"

"வராத எண்டு ஆரும் சொல்லல்ல. வா எண்டும் ஆரும் சொல்லல்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வக்கடையை நினைச்சு நினைச்சே இவர் உருகினவர். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிட்டன், புத்தகத்தில அவன்ட முகம் வராது எண்டு. வந்தா நான் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு?"

வெட்டினேன். படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளத் தள்ள, தம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் திரையை விட்டுப் போனார். கடைசியில் அண்ணன் மட்டும் நின்றார். ஆனால் அவருடைய தோளில் நாலு விரல்கள் மிச்சமாகக் கிடந்தன.

"அதையும் எடு" என்றார் அக்கா.

"எடுத்தா அண்ணன்ட தோளும் சேந்து போயிரும்."

"அப்ப எதையாவது வச்சு மூடு."

மென்பொருளோடு சும்மா வருகிற படங்களில் தேடி ஒரு தாமரைப் பூவை எடுத்து வைத்தேன். தாமரை என்று பெயர்தான், பார்த்தால் முட்டைக்கோசு, நாங்கள் கோவா என்போம். அந்தக் கோவாவை வைத்த கையோடு, கீழே இருந்த தேவாரம் முழுவதும் துள்ளிப்போய் மூன்றாம் பக்கத்தில் விழுந்தது. ஒரு படத்தை நகத்தளவு நகர்த்தினால் எழுத்துகள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரிச் சிதறுகிறதே, இதை ஒரு மனிதன் யோசித்துத்தான் செய்தானா? ஏசிக்கொண்டே எல்லாவற்றையும் கூட்டிவந்து பழைய இடத்தில் இருத்தினேன். மகள் புலம்பலை மகளே எழுதுவதாகச் சொன்னபடியால், புத்தகத்தை அப்படியே லண்டனுக்கு அனுப்பிவிட்டேன். அக்கா போனார்.

மறுநாள் நான் கடை திறக்க வரும்போது அக்கா வாசலில் நின்றார். குருமண்வெளித் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்கு விடுகிற தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். முதல் பாதையிலேயே ஏறி வந்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, தேநீர் வேண்டுமா என்று கேட்டால் ஏச்சு விழும்.

"நீ வெட்டினன் எண்டாய்தானே?"

"வெட்டினன் அக்கா. நீங்களும் பக்கத்தில இருந்து பாத்தீங்கதானே."

"அப்ப லண்டன்ல எப்பிடிகா நிக்கிறான்?"

நடந்தது இதுதான். மகளுக்கு அந்தக் கோவாப் பூ பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டாள். எடுத்ததும் அப்பாவின் தோளில் விரல்கள். யாருடைய விரல் என்று யோசித்தபடி படத்தின் மேல் அழுத்தியிருக்கிறாள். "படத்தைப் பழையபடி ஆக்கு" என்று ஒரு பட்டன் வந்திருக்கிறது. அழுத்தினாள். சித்தப்பா முழு உருவமாக, சிரித்தபடி, அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"ஏனம்மா சித்தப்பாவ வெட்டினீங்க எண்டு கேட்டு போன்ல அழுறாள். நான் என்ன சொல்ல? இனி இதைக் கனடாவுக்கும் அனுப்புவாள், சுவிசுக்கும் அனுப்புவாள். அங்கங்க உள்ளவங்க அவனை இழுத்து இழுத்து வெளியில எடுப்பாங்க. வெட்டத் தெரியாட்டி தெரியா எண்டு சொல்லியிரிக்கலாமே புள்ள?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா மேல் அல்ல. மெஷினைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். வெட்டு என்ற பட்டனை அழுத்தினால் இது வெட்டுவதில்லை. வேண்டாத பக்கத்தை மடித்து உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு, வெட்டியாயிற்று என்று எங்களுக்குக் காட்டுகிறது. ஒரு தையற்காரர் சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொன்னால் உள்ளே மடித்துத் தைப்பார். ஆனால் மடித்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவார். அது நேர்மை. இது சொல்லாது.

சரி, உண்மையாகவே வெட்டி எறிகிற வழி எங்கே இருக்கிறது என்று தேடினேன். அதற்கு "படத்தைச் சுருக்கு" என்ற இடத்துக்குப் போகவேண்டும். அதற்குள்ளே ஒரு மூலையில், எறும்பின் தலை அளவு கட்டத்துக்குப் பக்கத்தில், "வெட்டிய பகுதிகளை நீக்கு" என்று எழுதியிருக்கிறது. கோழி வாங்கத் தபால் கந்தோருக்குப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? இதைச் செய்தவர்களுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

"கண்டுபிடிச்சிட்டன் அக்கா. இனி ஒருத்தரும் எடுக்கேலாம எறிஞ்சிரலாம்."

"எறி. அதுக்கு முதல் ஒருக்காக் காட்டு. எப்பிடி ஒளிச்சு நிண்டவன் எண்டு பாப்பம்."

படத்தை விரித்துக் காட்டினேன். போனின் உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்த படம், இப்போது மேசைத் திரை முழுவதும் நிறைந்து நின்றது. தம்பி எதையோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். அண்ணனின் கண்கள் இடுங்கி, வாயில் உள்ள வெற்றிலைக் காவி தெரியச் சிரிக்கிறார். அக்கா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். நான் திரும்ப ஓரத்தைத் தள்ளித் தம்பியை மறைத்தேன். எறும்புத் தலைக் கட்டத்தில் சரி போட்டு அழுத்தினேன். உடனே ஒரு பெட்டி வந்து விழுந்தது. என் விரல் வழக்கம்போல "ஓம்" என்பதை நோக்கிப் போனது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பொறு. என்னமோ கேக்குது."

"அது எந்நேரமும் கேக்கும் அக்கா. அதைக் கணக்கெடுக்கத் தேவல்ல."

"என்ன கேக்குது எண்டு சொல்லன்."

அந்தப் பெட்டியை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக வாசித்தேன். வாசித்துத் தமிழில் சொன்னேன். "வெட்டின பக்கத்த எறிஞ்சா, புறகு ஒருநாளும் திருப்பி எடுக்கேலாதாம். எறியவா எண்டு கேக்குது."

அக்கா கதிரையில் சாய்ந்தார். மேலே காற்றாடி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. வெளியே ஒருவர் போட்டோ கொப்பி எடுக்க வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "புறகு வாறன்" என்று போய்விட்டார்.

"இது அவர்ட போனைத் திறந்தா முன்னுக்கு வாற படம், புள்ள" என்றார் அக்கா.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நேத்து உன்னட்டத் தரேக்க, கிட்டக் கிடந்த நல்ல படம் இதுதானெண்டு தந்தன். இப்பதான் விளங்குது, அது எந்நேரமும் அங்கதான் கிடந்தது. அதுக்கு மேல அந்தச் சின்னச் சின்னப் பட்டன்கள் எல்லாம் நிக்கும். தம்பிட முகத்துக்கு மேல மணிக்கூடு நிக்கும். நான் மணியப் பாத்திரிக்கன், முகத்தப் பாக்கல்ல."

"மாத்தத் தெரியாம விட்டிருப்பார் அக்கா. இந்தப் போன்களில அதை மாத்திறதும் லேசில்ல." மென்பொருளைத் திட்டக் கிடைத்த இடத்தை நான் விடுவேனா?

"அவருக்கா தெரியா? வெள்ளாமை பூத்தா அதைப் புடிச்சு வைப்பார். பேரப்புள்ளைக்குப் பல்லு முளைச்சா அதை வைப்பார். சும்மா இரிக்க மாட்டார், மாத்திக்கொண்டே இரிப்பார்." திரையில் நின்ற படத்தைக் கைகாட்டினார். "கதைபேச்சு நிண்ட புறகு இதைத் தொடவே இல்ல."

நான் கையை மவுஸில் இருந்து எடுத்துவிட்டேன். பெட்டி அப்படியே நின்றது. அதற்கு என்ன, பதில் வரும்வரை எத்தனை நாளானாலும் நிற்கும்.

"அப்ப தம்பியையும் சேத்து முழுசாப் போடவா அக்கா?"

"முழுசாவா? ஊர் முழுக்கச் சொல்லி வச்சிட்டு? முகம் வராது எண்டனான். வராது."

"அப்ப எறியவா?"

"எறியவும் வேணாம்."

"அப்ப நான் என்னதான் செய்யிற?"

"இப்ப எப்பிடிக் கிடக்கோ அப்பிடியே விடு. வெளியால தெரிய வேணாம். உள்ளுக்க கிடக்கட்டும். அந்தக் கோவாவை மட்டும் எடு."

"விரல் தெரியும் அக்கா."

"விரலுக்கு முகமில்லத்தானே" என்றார் அக்கா. எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, "இனித் தேத்தண்ணி போடு, தொண்டை காயுது" என்றார்.

பெட்டியில் "இல்லை" என்று கொடுத்தேன். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டால், பார்த்தீர்களா, எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறோம் என்று மேடை போட்டுப் பேசுவார்கள். ஒரு மண்ணும் யோசிக்கவில்லை. மண்டூர் வட்டையில் ஒரு வரம்பு இருப்பதும், அதில் ஒரு வக்கடை இருப்பதும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எறிந்துவிடு என்ற ஒரு பட்டனை எல்லாரும் காண்கிற இடத்தில் வைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய சோம்பலில் அக்கா ஒதுங்க ஒரு இடம் கண்டுபிடித்தார். கெட்டித்தனம் அக்காவுடையது.

முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானே பாதையில் ஏறி மண்டூருக்குப் போனேன். பந்தலுக்குள் சனம். படைத்து முடிந்து, சாப்பாட்டுக்கு முதல் கல்வெட்டைக் கையில் கையில் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வேலிக்கு வெளியே தெருவில் ஒருவர் நிற்பதைக் கண்டேன். திரையில் கண்ட முகம். சிரிப்பு மட்டும் இல்லை. புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்தவர், தெருவில் நின்ற மற்றவர்களுக்கு நீட்டியதைப் போல அவருக்கும் ஒன்றை நீட்டிவிட்டுப் போனார்.

அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வேலிக் கடப்பைத் தாண்டி முற்றத்துக்கு வந்து, அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"மச்சாள், எனக்கு ஆரும் சொல்லல்ல" என்றார். "என்ட கை மட்டும் எனக்கு முதல் வந்து நிக்கிது."

"கைக்குத்தான் இடமிருந்தது" என்றார் அக்கா, நிமிர்ந்து பார்க்காமல். "சோறு ஆறுது. வந்து இரி."

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. பருப்பை விட்டுக் குழைத்துக்கொண்டே என் பக்கம் கிறுகிப் பார்த்தார்.

"புத்தகம் அடிச்சது நீங்கதானாம்?"

"ஓம் அண்ணன்."

"படத்த ஒழுங்கா வெட்டப்படாதா? விரல் எல்லாம் கிடக்கு."

"அந்த மெஷினுக்கு ஒண்டையும் ஒழுங்கா வெட்டத் தெரியா அண்ணன்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.